மச்சானுக்கு ஒரு என்ட்ரி

படம் பார்க்கிறவர்கள் ஒரு ரகம். அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. டிக்கெட் வாங்கி, பாப்கார்ன் தின்று, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து படுத்துவிடுவார்கள். எதையும் படமாகவே பார்க்கிறவர்கள் வேறு ரகம். நான் சொல்ல வந்தது இந்த இரண்டாவது ரகத்தை. உங்கள் தெருவிலும் ஒருவராவது இருப்பார், தேடிப் பாருங்கள். எங்கள் பெங்களூர் மர்பி டவுனில் கோதண்டராமன் இருக்கிறார், என் வீட்டுக்கு நேர் எதிரே.

மனுஷர் கெட்டவர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லச் சந்தர்ப்பம் கிடைக்காமல் போகலாம்.

எம்.ஜி. ரோடு பக்கம் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பராமரிப்பு சூப்பர்வைசர் அவர். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்று உள்ளே ஒன்பது பேர் அலறினால், வெளியே நின்று, "பயப்படாதீங்க, இடைவேளைதான்!" என்று தைரியம் சொல்வார். தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம், இந்தி என்று ஐந்து பாஷைப் படமும் பார்ப்பார்; பெங்களூரில் பிறந்தவனுக்கு வாரத்தில் ஐந்து வெள்ளிக்கிழமை என்பது அவர் வாதம். முதல் நாள் முதல் காட்சிக்குப் போய், சிகரெட் உடம்புக்குக் கெடுதல் என்று போடும்போதே நிமிர்ந்து உட்கார்ந்து, கதாநாயகன் கைக்கடிகாரம் ஒரு காட்சியில் இடது கையிலும் அடுத்த காட்சியில் வலது கையிலும் இருப்பதைக் கண்டுபிடித்துப் பக்கத்து சீட்டுக்காரரிடம் முறையிட்டு, படம் முடிந்து சனங்கள் இருட்டில் செருப்பைத் துழாவும்போதும் அசையாமல், யூனிட்டுக்கு டீ போட்டவர் பெயர்வரை படித்துவிட்டு, துடைப்பத்தோடு வந்த அம்மாள் "ஏளி சார், ஏளி" என்று எழுந்திருக்கச் சொல்லி மூன்றாம் தரம் கெஞ்சிய பிறகுதான் எழுந்திருப்பார். "கடைசி சீனைப் பாக்காதவன் என்னாத்தப் பாத்தான்?" என்பார். பாதியில் எழுந்து போகிறவனை அவர் மனுஷனாகவே மதிப்பதில்லை.

டி.வி. சீரியல் பார்க்க மாட்டார். அது அவர் மனைவி சரசு அக்காவின் இலாகா. இவர் பேப்பர் படிப்பார். பேப்பருக்குப் பின்னாலிருந்து, "அந்தப் பாலைக் குடிக்காதே, கழுதை!" என்று குரல் மட்டும் வரும்.

சரி, தியேட்டரோடும் டி.வி.யோடும் நிற்கிறதா என்றால், அதுதான் இல்லை. போன வருஷம் நெஞ்சு எரிச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். ரிப்போர்ட்டில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். "டாக்டர் கண்ணாடியைக் கழட்டவே இல்லப்பா. அப்போ ஒண்ணும் சீரியஸ் இல்ல," என்றார். ரிப்போர்ட் கவர் ஒட்டியது ஒட்டியபடியே அவர் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. ஆஸ்டின் டவுனில் ஒரு சாவுக்குப் போய்விட்டு இருவரும் பஸ்ஸில் திரும்பினோம். "ஃபர்ஸ்ட் ஹாஃப் இழுவை. பெரிய மகன் வந்தப்புறம்தான் கொஞ்சம் பிக்கப் ஆச்சு," என்றார். செத்துப்போனவர் அவருடைய சொந்தச் சித்தப்பா.

மளிகைக் கடைக்குப் போய்த் திரும்பினால், வீட்டுப் படியேறும்போதே தனக்குத் தானே பின்னணி இசை போட்டுக்கொள்வார். வாயாலேயேதான். கதவைத் தள்ளி, ஒரு கணம் நின்று, தலையை மெதுவாக நிமிர்த்துவார். சரசு அக்கா உள்ளேயிருந்து கேட்பார்: "உப்பு வாங்கினு வந்தீங்களா?" உப்பு வந்திருக்காது.

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்த ரகத்துக்காரர்கள் கையில் ஒரு நிஜமான சமாசாரம் சிக்கினால் என்ன ஆகும்? அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சரசு அக்காவுக்கு ஒரே தம்பி, ஜெயராஜ். கோலார் தங்கவயலில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கோதண்டராமன் மதியக் காட்சிக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். அந்தப் படத்தை முந்தின நாளே பார்த்துவிட்ட ஜெயராஜ், சட்னியை நகர்த்திக்கொண்டே, யதார்த்தமாக, "கடைசீல பாத்தா அந்த டாக்டர்தான் மாமா கொலைகாரன்!" என்றான்.

மற்ற குடும்பங்களில் நிலத்துக்காகச் சண்டை வரும், நகைக்காக வரும். இங்கே கிளைமாக்ஸுக்காக வந்தது. "என் வீட்ல உக்காந்துகினு எனக்கே முடிவைச் சொல்றியா? எந்திரிடா!" என்று கத்திவிட்டார் கோதண்டராமன். ஜெயராஜ் எழுந்துவிட்டான். தட்டில் பாதி இட்லி இருந்தது. கையைக்கூடக் கழுவவில்லை. சாப்பிடுகிறவனை எழுப்பி அனுப்பிய வீட்டுக்கு எந்த ரோஷக்காரன் திரும்பி வருவான்?

அப்போது கோதண்டராமன் மகள் இளவேனிலுக்கு ஒரு வயசு. காது குத்த வேண்டிய நேரம். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். கம்மல் தாய்மாமன் கொண்டுவர வேண்டும். தாய்மாமன் தங்கவயலில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மூணு வயசில் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டார் சரசு அக்கா. மூணும் போய் அஞ்சும் வந்தது. "எழுப்பி விட்டவர் நீங்க. கூப்பிட வேண்டியதும் நீங்கதான்," என்று புருஷனிடம் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்துப்போயிற்று. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் ஜிமிக்கி போட்டு ஆட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் அந்த அம்மாள் முகத்தைப் பார்க்க முடியாது. கடைசியில் இந்தத் தை மாசம், அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தைப் பேசி, நாள் வைத்தார்கள்.

நாள் வைத்த மூன்றாம் நாள் ஜெயராஜே கோதண்டராமனுக்குப் போன் பண்ணிவிட்டான். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறான்.

"மாமா, பாப்பாவுக்குக் காது குத்தறீங்களாமே. நான் வரட்டுமா?"

நல்ல மனுஷன் என்ன சொல்வான்? "வாடா!" என்று சொல்லிவிட்டு, பெண்டாட்டியைக் கூப்பிட்டு போனைக் கையில் கொடுப்பான். இரண்டு நிமிஷ வேலை. கோதண்டராமன் மொட்டைமாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"வா மச்சான். ஆனா அக்காகிட்ட மூச்சு விடாதே. சர்ப்ரைஸ். நீ நேரா மண்டபத்துக்கு வர்றே."

"அக்கா மனசு கஷ்டப்படாதா மாமா?"

"படட்டும். அப்பத்தான் செகண்ட் ஹாஃப் நிக்கும்."

இதை அவரே என்னிடம் பெருமையாகச் சொன்னார். அண்ணா, பாவம் அக்கா, சொல்லிவிடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "அடேயப்பா!" என்று மட்டும் சொன்னேன். அதைப் பற்றிக் கடைசியில் பேசிக்கொள்ளலாம்.

அடுத்த பத்து நாள் சரசு அக்கா தினமும் கேட்டார்: "தம்பிக்குப் போன் பண்ணீங்களா?" தினமும் இவர் சொன்னார்: "எடுக்கல." அந்த அம்மாள் சமையல்கட்டில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதை ஹாலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து ரசித்தார் என்று சொன்னால் பாவம். நன்றாக அமைகிறது என்று நினைத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் அக்கா முடிவுக்கு வந்துவிட்டார். "இனிமே அவன் வரமாட்டான். எங்க பெரியப்பா மகன் ரங்கநாதன் அண்ணன்கிட்ட கேட்டுட்டேன். அவரும் தாய்மாமன் முறைதானே? அவரே மடியில உக்கார வெச்சுக்கட்டும்."

கோதண்டராமன் யோசித்தார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் ட்விஸ்ட் போய்விடும். "சரி," என்றார்.

ஆக, ஒரு குழந்தை, இரண்டு காது, இரண்டு தாய்மாமன். மடி மட்டும் ஒன்றுதான் வேண்டும்.

காது குத்துகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஜெயராஜ் தங்கவயல் ரயிலில் வந்து, கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி, தட்டு நிறையப் பூ, பழம், பட்டுப் பாவாடை, மாங்காய் வடிவில் ஒரு ஜோடித் தங்கக் கம்மல் எல்லாவற்றோடும் ஆட்டோவில் எட்டரைக்கெல்லாம் வந்துவிட்டான். கோதண்டராமன் அவனை மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார வைத்தார்.

"பேண்ட் செட் வந்ததும் நான் கை காட்டுவேன். மெதுவா நடந்து வா. வாசல்ல நின்னு கூலிங் கிளாஸைக் கழட்டு. அப்புறம் அக்காவைப் பாரு."

"எங்கிட்ட கூலிங் கிளாஸ் இல்லையே மாமா."

தன்னுடையதைக் கொடுத்தார். கீழ் போர்ஷனில் குடியிருக்கும் க்ளென் புதுசாக நல்ல கேமரா போன் வாங்கியிருந்தான். அவனை வாசலில் நிறுத்தினார். பேண்ட் செட் சிவாஜிநகரிலிருந்து வர வேண்டும். போன் பண்ணினால், "பந்தே சார், ஐது நிமிஷா," என்றான் பேண்ட்காரன். பெங்களூரில் ஐந்து நிமிஷம் எவ்வளவு நேரம் என்று இங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்பதரை ஆனது. ஒன்பதே முக்கால் ஆனது. "மாமா, நேரமாவுதே, போயிடட்டுமா?" என்று எழுந்தான் ஜெயராஜ். "உக்காரு. மியூசிக் இல்லாம உள்ள போனா நீ யாரோ, கேஸ் சிலிண்டர் போடறவன் யாரோ!" என்று சொல்லிவிட்டு, பேண்ட்காரனைத் தேடித் தெருமுனைக்கு நடந்தார் கோதண்டராமன். பேண்ட் வருவதைப் படம் பிடிக்க வேண்டுமே என்று க்ளெனையும் கூடவே இழுத்துக்கொண்டு போனார்.

உள்ளே நான் இருந்தேன். பத்தரைக்குள் குத்தியாக வேண்டும் என்று அவசரப்பட்டார் ஆசாரி. ரங்கநாதன் மடியில் இளவேனில் உட்கார்ந்திருந்தாள். வலது காதில் ஊசி இறங்கியது. அவள் போட்ட சத்தம் ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். டீக்கடைக்குக் கேட்டது.

பிள்ளை அழும் சத்தம் கேட்டபிறகு எந்தத் தாய்மாமன் கைகாட்டலுக்குக் காத்திருப்பான்? வாசலில் செருப்புக் குவியலும் கூட்டமுமாக இருக்க, ஜெயராஜ் பின்பக்கமாகச் சமையல்காரர்கள் நடுவில் புகுந்து, சாம்பார் அண்டாவைத் தாண்டி, தட்டோடு வந்து நின்றான். கூலிங் கிளாஸ் சட்டைப் பையில் இருந்தது.

சரசு அக்கா திரும்பினார். பார்த்தார்.

"சாப்ட்டியா?" என்றார்.

"இல்லக்கா."

"இன்னும் ஒரு காது இருக்கு. உக்காரு."

ரங்கநாதன் நல்லவர். உடனே எழுந்து இடம் விட்டார். ஜெயராஜ் உட்கார்ந்தான். புது ஆளைப் பார்த்து மிரண்ட குழந்தைக்குக் கூலிங் கிளாஸை எடுத்து மாட்டிவிட்டான். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பதற்குள் ஆசாரி இடது காதையும் குத்தி முடித்துவிட்டார். வலது காதில் ரங்கநாதன் கொண்டுவந்த நட்சத்திரக் கம்மல். இடது காதில் ஜெயராஜின் மாங்காய்க் கம்மல்.

இருபது நிமிஷம் கழித்து, பேண்ட் முழங்க, க்ளென் பின்பக்கமாக நடந்தபடி வீடியோ எடுக்க, கோதண்டராமன் மண்டபத்துக்குள் நுழைந்தார். பந்தி நடந்துகொண்டிருந்தது. முதல் இலையில் ஜெயராஜ். சரசு அக்கா பக்கத்தில் நின்று, அவன் சொன்ன போன் கதையைக் கேட்டபடி இட்லி வைத்துக்கொண்டிருந்தார். பேண்ட் தானாகவே தேய்ந்து நின்றது.

"இவன் எப்போ உள்ள வந்தான்? என்னா நடந்துச்சு?" என்றார் கோதண்டராமன்.

"உங்களுக்குத்தான் முடிவை யாராச்சும் சொன்னா பிடிக்காதே," என்றார் சரசு அக்கா. தம்பிக்குச் சாம்பார் ஊற்றினார்.

"ஒரே ஒரு தடவை... வாசல்ல இருந்து... வீடியோவுக்காகவாச்சும்..." என்று இழுத்தார் இவர். ஊசியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்த ஆசாரி நிமிர்ந்தார்: "மூணாவது காது இருந்தா சொல்லுங்க சார்."

சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்போதுதான் அக்கா சொன்னார். சத்தம் போடவில்லை. "பத்து நாளா நான் அழுததைப் பாத்துகினே இருந்தீங்க இல்ல? எந்தம்பி வர்றான்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரல. எனக்கு வயிறெரியுதுங்க."

கோதண்டராமனிடம் அப்போது பின்னணி இசை இல்லை. குழந்தைதான் கூலிங் கிளாஸோடு ஓடிவந்து அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். "இந்தக் காதுக்கு அழுதேன்ப்பா. இந்தக் காதுக்கு அழல. மாமா மடியில இருந்தேன்." முடிவைச் சொல்லாதே என்று அவர் அவளை நிறுத்தவில்லை. கடைசிவரைக்கும் கேட்டார்.

கம்மலை ஜோடியாக மாற்றிவிடலாம் என்று யார் சொன்னாலும் சரசு அக்கா கேட்பதில்லை. ஒரு காதில் நட்சத்திரம், ஒரு காதில் மாங்காயோடுதான் இளவேனில் ஸ்கூலுக்குப் போகிறாள். எந்தப் படத்திலும் கைக்கடிகாரம் கை மாறியதைக் கண்டுபிடிக்கும் கோதண்டராமன், தினமும் காலையில் அந்த இரண்டு காதையும் பார்த்துக்கொண்டு இட்லி சாப்பிடுகிறார்.

நல்லது. இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். நாலு வருஷம் கழித்து அக்காளும் தம்பியும் பார்த்துக்கொண்ட இடத்தில், "சாப்ட்டியா" என்ற ஒரு வார்த்தையோடு விஷயம் முடிந்ததே, அப்போது உங்களுக்கு ‘இவ்வளவுதானா? ஒரு கட்டிப்பிடித்தல்கூட இல்லையா? பேண்ட் அந்த நேரத்துக்கு வந்திருக்கக் கூடாதா?’ என்று தோன்றியதா, இல்லையா?

தோன்றியிருந்தால், வீட்டில் யாருக்காவது சொல்ல வேண்டிய நல்ல சேதியை நல்ல இடம் பார்த்துச் சொல்லலாம் என்று கைக்குள் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இருந்தால், இதை இப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்ச் சொல்லிவிடுங்கள். பாதியில் எழுந்து போனீர்கள் என்று நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அன்றைக்கு ‘அடேயப்பா’ போட்டுவிட்டு, மண்டபத்தில் பக்கத்திலேயே நின்றிருந்த எனக்கும் ‘இவ்வளவுதானா?’ என்றுதான் தோன்றியது.