எழுந்திரு, உட்கார்

"ஐயோ, மறுபடியும் எடுக்க மாட்டேங்குதே!" என்று மருமகள் மடிக்கணினியிடம் சண்டைக்குப் போனாள்.

மாமியார் டாக்டர். அவர் அறையிலிருந்து டோக்கன் எண்ணை அனுப்ப ஒரு புரோகிராம், கிளினிக் ஹால் போர்டில் காட்ட இன்னொன்று. இரண்டையும் எழுதியவள் மருமகள். இரண்டும் ஜோராக ஓடின. ஒன்றோடு ஒன்று பேச மட்டும் மறுத்தன. பதினொரு மணிக்குள் பேசாவிட்டால் வேலை வெளிக் கம்பெனிக்குப் போய்விடும். இரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டுப் பிடித்த முதல் வேலை அது. கோட்டை விட்டால் தினமும் சாப்பாட்டு மேசையில் தலைகுனிந்து உட்கார வேண்டும்.

"அத்தை, அஞ்சே நிமிஷம்!"

"உன் அஞ்சு நிமிஷம் எப்பம்மா முடியும்?"

"சாக்கெட்னு ஒரு இணைப்பு, இந்தப் பக்கம் அது கூப்பிடுது அத்தை. அந்தப் பக்கம் எடுக்க ஆளில்ல."

போர்டு புரோகிராமை மூடித் திறந்தாள். அதுவரை இருந்த டோக்கன் எண்ணும் அழிந்தது. காத்திருந்த பன்னிரண்டு பேரும் "நான்தான் அடுத்தது!" என்று மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

ரவுட்டரை அணைத்துப் போட்டாள். நெட்டில் வந்துகொண்டிருந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் பாதியில் நின்றது. ஆனால் அடுத்த நொடி...

"கனெக்ட் ஆயிடுச்சு! அத்தை, கனெக்ட் ஆயிடுச்சு!"

எதிரே போர்டு வெறுமையாகக் கிடந்தது.

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. 'எழுந்திரு' என்று தட்டி அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததாகத் திரை சத்தியம் செய்தது. போர்டு அசையவில்லை. வார்த்தை மாறினால்தான் விழிக்குமோ? 'உட்கார்' என்று அனுப்பினாள். பிறகு இரண்டும் பத்து விநாடிக்கு ஒருமுறை மாறி மாறித் தானாகப் போகும்படி செய்துவிட்டு, ஸ்டூலில் ஏறி போர்டின் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சொருகினாள். இருபது நிமிடம் போனதே தெரியவில்லை.

"மணி பத்து அம்பத்தஞ்சு. நான் அந்தக் கம்பெனிக்குப் போன் பண்றேன்" என்றார் மாமியார்.

"அத்தை, ப்ளீஸ்!" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது மாடியிலிருந்து மூட்டு வலி டாக்டரின் நர்ஸ் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"எங்க போர்டுல யாரு அக்கா எழுதறது? 'எழுந்திரு', 'உட்கார்'னு மாறி மாறி வருது!"

மருமகள் ஸ்டூலிலிருந்து குதித்தாள். போன மாதம் வெள்ளோட்டத்துக்கு என்று மாடியிலும் இதே புரோகிராமைப் போட்டிருந்தாள். இரண்டு தளத்துக்கும் ஒரே ரவுட்டர். அதை அணைத்துப் போட்டதில் இந்த போர்டின் முகவரி எண் அந்த போர்டுக்குப் போயிருக்கிறது.

"மன்னிச்சிரும்மா, இதோ நிறுத்திடறேன்."

"ஐயய்யோ, நிறுத்திடாதீங்க! பத்து வருஷமா எங்க டாக்டர் கெஞ்சியும் செய்யாத எக்சர்சைஸ, மேல பதினாறு பேரும் ஒருத்தர் விடாம செஞ்சிட்டிருக்காங்க!"