தண்ணீர் இன்னும் பச்சையாகவே இருக்கிறது, பவளத்தோடு வராதே

ஜெயங்கொண்டம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மைத்துனன் முத்தமிழ்செல்வனுக்கு,

மாமா வேணுகோபால் எழுதுவது. பெரம்பலூரில் நீயும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியம், உன் அக்கா சௌக்கியம், தொட்டியில் இருக்கும் இரண்டு மீனும் சௌக்கியம். தண்ணீர்தான் சௌக்கியமில்லை. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை தொட்டிக்கான பவளத்தை எடுத்துக்கொண்டு நீ புறப்பட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ எதையும் கடைசிவரை படிக்கிற ஆள் இல்லை.

போன் செய்யாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். என் போன் தொட்டிக்குள் விழுந்து செத்துவிட்டது. அந்தக் கதை பின்னால் வருகிறது. உன் அக்காவின் போன் அவள் மடியிலேயே இருக்கிறது. அதில் பேசினால் அவள் காதில் விழும். அவளுக்குத் தெரியாமல்தான் பின்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் பக்கம் பஸ் ஓட்டும் உத்திராபதி கொண்டுவந்து தருவான்.

பங்குனியில் உன் அக்கா அனுசுயா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவள் இருக்கும் இருப்பு உனக்கே தெரியும். எலும்பு நல்லா கூடிடுச்சு, தைரியமா நடங்கம்மா என்று டாக்டர் சொன்னார். இவள் பயத்தில் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். ரெண்டு பேர் ரெண்டு பக்கம் பிடிச்சாத்தான் ஒரு அடி. பேச்சும் நின்று போயிருந்தது. நீ அந்தக் கடல்தண்ணித் தொட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள். மீனுக்கு இது பிடிக்காது, அதுக்கு அது பிடிக்கும் என்று நாளெல்லாம் பேசினாள். ஆனால் நீ அவசரப்பட்டு முதல் வாரமே ஒரு இறாலை விட்டாயே, அது மல்லாந்து கிடந்த அன்றைக்கு அவ சோத்தைத் தொடலை மாப்ள. "நான் ஆசைப்பட்டுப் பாக்குறதெல்லாம் இப்புடித்தான் போவும்"னு சொல்லிட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. பவளமும் செத்தா மறுபடி வாயை மூடிக்குவா. அப்புறம் திறக்க வைக்க எங்கிட்ட என்ன இருக்கு, சொல்லு.

திருச்சி மீன்கடை ஜெயசீலனைக் கேட்டேன். "சார், பவளம் கல்லு இல்ல, உசுரு. மீனோட கழிவு தண்ணியில அம்மோனியாவாகும், அது விஷம். அதைத் தின்னுற கிருமி கல்லுல பிடிக்கணும். அது வேற ஒரு விஷமா மாத்தும், நைட்ரைட்டுன்னு பேரு. அதையும் தின்ன இன்னொரு கிருமி வரணும். ரெண்டு விஷமும் சைபர்ல வந்து நிக்கணும், பழுப்புப் பாசி வந்துட்டுப் போவணும், உப்பும் சூடும் ஏறி இறங்கக் கூடாது. அதுக்கப்புறம் பண்ணையில வளர்த்த மெத்துன்னு இருக்குற பவளமா ஒண்ணே ஒண்ணு போடுங்க"ன்னார்.

பழுப்புப் பாசி வந்தது. கண்ணாடியெல்லாம் காப்பியைக் கொட்டின மாதிரி ஆகி, நான் அலறி, அதுவும் தானா போயிடுச்சு. உப்பு சரி. சூடு சரி. நைட்ரைட்டும் சைபர். இந்த அம்மோனியாதான் இறங்க மாட்டேங்குது. சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணி பிடிச்சு, மருந்து சொட்டு விட்டு, கலர் அட்டையோட ஒத்துப் பார்க்கணும். மஞ்சளா நின்னா சைபர், பச்சையாப் போனா விஷம். சாயங்காலம் ஆனா தொட்டியோட நீல வெளிச்சத்துல குழாயைத் தூக்கிப் பிடிச்சுப் பார்க்கிறேன், பச்சை. மறுநாள் பார்த்தா அதே பச்சை. "மீன் ரெண்டும் நல்லாத்தானே ஓடுது, எங்கிட்ட ஒருதரம் குடுங்க"ன்னு உன் அக்கா கை நீட்டுவா. கை தவறிக் குழாயைப் போட்டுட்டா என்ன பண்றதுன்னு நான் குடுக்கிறதில்லை. பச்சையைப் பார்த்ததும் ரெண்டு பக்கெட் தண்ணியை எடுத்துக் கொல்லையில ஊத்திட்டுப் புதுசா உப்புக் கரைச்சு ஊத்துவேன். ஊத்தி ஊத்தி, அடுத்த வூட்டுக் கொளஞ்சியம்மாளோட கறிவேப்பிலைக் கன்று வேலியோரமாக் கருகிப் போச்சு.

அதுக்குச் சண்டை போட அந்தம்மா வந்த நேரத்தைக் கேளு. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துற நாள்னு நான் மறந்தே போயிட்டேன். சர்வீஸ் முழுக்க கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனா இருந்த ஆளு நான்! தொட்டி மோட்டார் நின்னுடுச்சு. கொஞ்ச நேரத்துல மீன் ரெண்டும் மேல வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுது. "ஏங்க, மூச்சு முட்டுதுங்க அதுங்களுக்கு!"ன்னு அனுசுயா கத்துறா. மோட்டார் ஒயரைப் பார்க்கலாம்னு போன் லைட்டை அடிச்சுக் குனிஞ்சேன், போன் உள்ள போயிடுச்சு. அள்ளி வெளிய போட்டுட்டு, சொம்பால தண்ணியை மொண்டு மொண்டு உயரத்துலேருந்து ஊத்த ஆரம்பிச்சேன், காத்து கலக்கட்டும்னு. கை கழண்டு போவுது. அந்த நேரம் பார்த்துக் கருகின கன்றைக் கையில பிடிச்சுக்கிட்டு கொளஞ்சியம்மாள் உள்ள வருது. "ஏன்யா, உப்புத்தண்ணிய ஊத்தி எஞ் செடியக் கொன்னுட்டியே, நீ நல்லாருப்பியா?"

"யக்கா, செடிக்கு அப்புறம் திட்டு. இப்ப இந்தச் சொம்பைப் பிடி"ன்னா உன் அக்கா.

என்ன நினைச்சுதோ, கன்றைக் கீழ போட்டுட்டுச் சொம்பை வாங்கிடுச்சு. ஊத்துது, திட்டுது, ஊத்துது, திட்டுது. நான் கை ஓய்ஞ்சா அது, அது ஓய்ஞ்சா நான். எங்க மூணு பேர் உசுரும் அந்த ரெண்டு மீன் வாயிலதான் இருந்துச்சு. கரண்ட் வந்து மோட்டார் ஓடினதும் கொளஞ்சியம்மாள் அப்படியே தரையில உக்காந்து, "பொழைச்சுக்கிச்சா?"ன்னு கேட்டுச்சு. அனுசுயா அழுதுட்டா.

இதுக்கு மேல அவளால தாங்க முடியாது, என்னாலயும் முடியாது. குழாய் மஞ்சளாகும் வரைக்கும் பவளம் வேண்டாம். வேலை வந்துவிட்டது என்று நீயே ஏதாவது சாக்குச் சொல்லிவிடு.

குழந்தைகள் நன்றாகப் படித்து, நோய்நொடி இல்லாமல் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் மாமா
வேணுகோபால்

பி.கு.: மேலே எழுதின எல்லாவற்றையும் அடித்துவிடு. உறையை ஒட்டப் பசை எடுக்கலாமுன்னு கூடத்துக்கு வந்தா, நாற்காலி காலி. குழாயையும் காணோம், கலர் அட்டையையும் காணோம். வாசல்லேருந்து சத்தம் வருது. "ஏங்க, இங்க வாங்க. வெயில்ல பாத்துச் சொல்லுங்க, இதுவா பச்சை?"

ஓடினேன். மஞ்சள். எலுமிச்சம்பழ மஞ்சள்.

"நீல லைட்டுல வச்சா மஞ்சள் பச்சையாத்தாங்க தெரியும். எத்தனை நாளாத் தண்ணியை மாத்தி மாத்தி ஊத்துறீங்க?"

நான் குழாயையே பார்த்துக்கிட்டு நின்னேன். அப்புறம்தான் அவளைப் பார்த்தேன். ஒரு கையில குழாய், ஒரு கையில அட்டை. பக்கத்துல ஆளில்லை. "அனு, யாரு உன்னைக் கூட்டிட்டு வந்தது?"ன்னேன். குனிஞ்சு தன் காலைப் பார்த்தா. அப்பத்தான் அவளுக்கே தெரிஞ்சிருக்கு. பயந்துட்டா. "கையைக் குடுங்க"ன்னா. குடுத்தேன். அட்டையை என் சட்டைப்பையில சொருகிட்டுக் கையைப் பிடிச்சுக்கிட்டா.

ஞாயிற்றுக்கிழமை பவளத்தோட வந்துடு மாப்ள. வண்டியை மெதுவா ஓட்டு. அவளே வாசல்ல நின்னு வாங்கிக்குவாளாம்.