ஆறு மதகுக்கு ஒரு டிரைவர்

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. ஏரி இருந்ததால் கரை இருந்தது, கரையில் ஆறு மதகுகள் இருந்தன, மதகுகள் இருந்ததால் அவற்றுக்கு ஓர் இன்ஜினியரும் இருந்தான். நீலமேகம் என்கிற நீர்நாய் அவன். படித்தவன். படித்ததைக் கேட்காதவர்களிடமும் சொல்லக்கூடியவன்.

அந்த மதகுகள் கையால் திறப்பவை அல்ல. சிங்க மகாராஜாவின் குகையில் ஒரு பெட்டி. அதற்குள் ஒரு சின்னக் கிரிஸ்டல் ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பு கம்பி வழியாகக் கரைக்கு வரும். ஏரி நிரம்பும் சமயத்தில் ஒவ்வொரு மதகின் பெட்டியும் துடிப்பை எண்ணும், எண்ணி முடித்ததும் கதவைத் தூக்கும். ஆறும் ஒன்றாகத் தூக்கினால் தண்ணீர் பிரிந்து வாய்க்காலோடு அடங்கிப் போய்விடும். ஒன்று முந்திக்கொண்டால் ஏரி மொத்தமும் அந்த ஒரு வாய் வழியாகப் பாயும்.

முந்திக்கொண்டது. குகையிலிருந்து வந்த ஒற்றைக் கம்பியை ஆறாகப் பிரித்திருந்தார்கள். ஒருவர் கஞ்சியை ஆறு பேருக்கு ஊற்றியது போலத் துடிப்பு நீர்த்துப்போனது. தொலைவில் இருந்த பெட்டிகள் பாதித் துடிப்பை எண்ணாமல் விட்டன. முதல் மதகு மட்டும் சரியாக எண்ணித் தன்னந்தனியாகத் திறந்துகொண்டது. அதன் கீழே வளை வைத்திருந்த பொற்கொடி என்ற முயல், குட்டிகளைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். ஒரு வாயால் எத்தனையைக் கவ்வ முடியும்? மற்றவை போயின.

மறுநாள் அவள் நீலமேகத்தின் அலுவலகத்துக்கு வந்தாள். அழவில்லை. ஆறாம் மதகுக்குக் கீழே இருப்பவர்கள் வளை ஈரம்கூட ஆகவில்லையே, தன் வளை மட்டும் ஏன் போனது என்று கேட்டாள். நீலமேகத்துக்கு அன்று இரவெல்லாம் அந்தக் கேள்விதான். துக்கம் என்று சொல்ல முடியாது. தன் மதகைக் குறை சொல்லிவிட்டாளே என்ற ரோஷம்.

ரோஷத்தில் அவன் மருந்தைக் கண்டுபிடித்தான். கிளாக் பஃபர் என்று ஒரு சிப், கட்டைவிரல் நகம்கூட இருக்காது, ஓரத்தில் கம்பிக் கால்கள். அது வேண்டுமென்று ஸ்டோர்ஸ் அதிகாரி சாத்தையாவிடம் போய் நின்றான். சாத்தையா குள்ளநரி.

"இது என்னப்பா செய்யும்?"

"ஒரு காலில் துடிப்பை வாங்கும் சார். ஆறு காலில் அதே துடிப்பை, அதே பலத்தோடு, ஒரே கணத்தில் கொடுக்கும்."

"தன் பங்குக்கு எதுவும் சேர்க்காதா?"

"சேர்க்காது சார்."

"கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ளவும் செய்யாதா?"

"செய்யாது."

சாத்தையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். இத்தனை வருட சர்வீஸில் அப்படி ஒரு ஜந்துவை அவன் பார்த்ததில்லை. அப்படி ஒன்று ஆபீசுக்குள் நுழைவது நல்லதாகவும் படவில்லை. நீலமேகம் விடாமல், இதைக் கிளாக் டிரைவர் என்றும் சொல்வார்கள் என்று விளக்கப் போனான். அங்கேதான் கெட்டது.

"டிரைவரா? அதை முதலிலேயே சொல்வதற்கென்ன?" என்றான் சாத்தையா.

அந்த வாரமே டிரைவர் வேலைக்கு ஆள் போட்டாகிவிட்டது. மகாராஜாவின் மைத்துனர் வரதப்பன். அவர் கரடி. சிங்கத்துக்குக் கரடி எப்படி மைத்துனர் ஆனது என்று கேட்ட குரங்கு இப்போது அந்தக் காட்டில் இல்லை.

வரதப்பனைக் குகையில் ஆறு பொத்தான்களுக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். பெட்டி ஒரு முறை துடித்தால் ஆறையும் ஒன்றாக அமுக்க வேண்டும். கரடிக்குக் கை இரண்டு. முதலில் இரண்டை அமுக்கினார், பிறகு இரண்டு, கொட்டாவி விட்டு மிச்சம் இரண்டு. தேன் வந்த நாளில் எதையும் அமுக்கவில்லை. அடுத்த மழையில் நான்காம் மதகு முந்திக்கொண்டது. பொற்கொடி முதல் மதகுக்குப் பயந்து நான்காவதற்குக் கீழேதான் குடி மாறியிருந்தாள்.

மறுபடியும் வந்து நின்றாள். இந்த முறை அவளோடு ஊரும் வந்தது. நனைந்தவர்கள் நனையாதவர்களைக் கைகாட்டிக் கத்தினார்கள். நீலமேகத்தால் தலைநிமிர முடியவில்லை. விற்க வந்த ஒரு கொக்கு இடையில் மாதிரியாக விட்டுப்போன சிப் ஒன்று அவன் மேஜை இழுப்பறையில் கிடந்தது. கரடி சாப்பிடப் போன நேரத்தில் அதை எடுத்துப் போய், பொத்தான் பலகைக்குப் பின்னால் வைத்துக் கம்பிகளோடு பற்றவைத்தான். கரடியின் பொத்தான்கள் இனி எதோடும் சேர்ந்தவை அல்ல. வரதப்பன் பாட்டுக்கு அமுக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த பெருமழை விடிய விடியப் பெய்தது. விடிந்ததும் ஆறு கதவுகளும் ஒரே மூச்சில் எழுந்தன. தண்ணீர் வாய்க்காலோடு போயிற்று. ஒரு வளையும் நனையவில்லை. ஒன்றும் நடக்காததால் யாரும் எதையும் கவனிக்கவில்லை. வரதப்பனுக்கு மட்டும் திறமையான டிரைவர் என்று ஒரு பதக்கம் வந்தது.

நீலமேகத்துக்கு வயிறு எரிந்தது. முயல் பிழைத்தது அவனுக்குச் சந்தோஷம்தான், ஆனால் பதக்கம் கரடி கழுத்தில் விழுந்ததே! ஆகவே மகாராஜா எல்லோரையும் கூப்பிட்டு, மதகைத் திறந்தது யார் என்று கேட்டபோது, நான்தான் என்று முண்டியடித்து முன்னால் வந்தான்.

மகாராஜா பாராட்டக் கூப்பிடவில்லை. மதகு திறந்த அன்று காலை அவர் கரைக்கு எழுந்தருளி, பிரஜைகள் முன்னால் வாலை அசைத்து மதகைத் திறந்துவைப்பதாக ஏற்பாடு. அவர் தூங்கி எழுவதற்குள் திறந்துவிட்டார்கள்.

"நேரமாகிவிட்டது மகாராஜா. கிரிஸ்டல் கணக்குப்படி சரியான நேரம்," என்றான் நீலமேகம்.

"நான் எழுவதற்குள் எப்படியடா நேரமாகும்?"

அதற்குப் பதில் அவன் படித்த புத்தகத்தில் இல்லை. மகாராஜாவின் நகங்கள் வெளியே வந்திருந்தன. சாத்தையா அவனை ஓரமாக அழைத்துப்போனான். சிப் மேல் தனக்கு இப்போது நல்ல மதிப்பு வந்துவிட்டது என்றான். கிரிஸ்டலைக் கழற்றிவிட்டு, மகாராஜாவின் படுக்கைக்கு அடியிலிருந்து ஒரு கம்பி கொடுத்தால் போதும். அவர் புரண்டு எழுந்தால் துடிக்கட்டும், பெட்டிகள் எண்ணாமல் அந்த ஒரு துடிப்பிலேயே திறக்கட்டும்.

"மழையில் அவர் உச்சிப்பொழுது வரை எழமாட்டாரே சார். அதற்குள் ஏரி வழிந்துவிடும்."

"எழுந்ததும் ஆறும் ஒன்றாகத் திறக்குமில்லையா?"

"அதில் பிசகே இருக்காது."

"அப்புறம் என்னப்பா?"

நீலமேகம் யோசித்தான். பொற்கொடியை நினைத்தான். குட்டிகளை நினைத்தான். நீர்நாய்க்கு நீச்சல் தெரியும் என்பதையும் நினைத்தான். முயலுக்குத் தெரியாதது இன்ஜினியரின் குறையாகாது. கம்பியை மாற்றினான்.

ஐப்பசி மழையில் மகாராஜா குறட்டை விட்டுத் தூங்கினார். ஏரி விளிம்பு வரை நிறைந்து, கரை மேல் வழிந்து, நின்றது. உச்சிப்பொழுதில் அவர் புரண்டார். சிப் தன் வேலையை ஒரு மயிரிழை பிசகாமல் செய்தது. ஆறு மதகும் ஒரே கணத்தில் வாய் பிளந்தன. வாய்க்கால் கொள்ளவில்லை. கரைக்குக் கீழே இருந்த வளைகள் எல்லாம், ஒன்றுவிடாமல், சேர்ந்தாற்போல மூழ்கின.

நீலமேகம் அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, ஊர் வரும் என்று காத்திருந்தான். யாரும் வரவில்லை. விசாரணையும் வைக்கவில்லை. அவனைத் தலைமை இன்ஜினியராக்கி, பாறை மேல் வீடு கொடுத்தார்கள்.

வழியில் ஒருநாள் பொற்கொடியைப் பார்த்தான். தனியாக இருந்தாள். புல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இந்த முறை ஏன் கேட்க வரவில்லை என்று அவனே கேட்டுவிட்டான்.

"என்னண்ணே கேக்கறது?" என்றாள் அவள். "எல்லார் வீட்டிலயும்தான் போயிருச்சு. மழை அப்படி."

நீலமேகம் ஆறுதல் சொல்லிவிட்டுப் பாறை ஏறினான். அன்று அவனுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

நீதி: ஒரு வீட்டில் வெள்ளம் புகுந்தால் இன்ஜினியர் மேல் தப்பு. எல்லா வீட்டிலும் ஒரே கணத்தில் புகுந்தால் மழை மேல் தப்பு. ஆகவே பிள்ளைகளே, செய்வதை எல்லோருக்கும் சமமாகச் செய்யுங்கள்.