பழைய வயிற்றுக்குத் தனிப் பானை

இன்று மனைவியிடம் "முடியாது" என்று சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் அவர் வீட்டுக்கு வந்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அந்தச் சொல்லை அலுவலகத்தில் மட்டுமே சொல்லிப் பழக்கம்.

மனைவி தையல்காரி. நூற்றிருபது பள்ளிச் சீருடைக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். பள்ளி திறக்க இருபது நாள். ஒரு அளவைச் சொன்னால் மற்ற எல்லா அளவுக்கும் வெட்டுப்படம் போட்டுத் தரும் மென்பொருள் வந்திருந்தது. கணவர் வேலை பார்க்கும் கம்பெனியின் சரக்கு.

"உங்க சாமான் என் கம்ப்யூட்டர்ல ஏற மாட்டேங்குதே."

"அது பழசும்மா. புதுசு வாங்கிடலாம்."

"புதுசோட என் பெரிய பிரிண்டர் ஒத்துப்போகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது அவர்தான். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதோ பாரு. நூத்துல ரெண்டு பேர்கிட்டதான் பழசு இருக்கு. அவங்களுக்குன்னு தனியா எழுதணும், தனியா ஓட்டிப் பாக்கணும். மத்தவங்க வேலையெல்லாம் நிக்கும். எந்தக் கம்பெனியும் பண்ணாது."

"நியாயந்தான்" என்றாள்.

இவ்வளவு சுலபமா? அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மறுநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு வாய் வைத்தார். உப்பு உச்சி மண்டைக்கு ஏறியது. ரத்தக் கொதிப்பு வந்ததிலிருந்து அவருக்கு மட்டும் உப்பில்லாத சமையல். போன் போட்டார்.

"டப்பா மாறிடுச்சா?"

"மாறலீங்க. வீட்டுல நாலு பேர், பழைய வயிறு ஒண்ணுதான். அதுக்குன்னு தனியாப் பானை வைக்கணும், தனியா ருசி பாக்கணும். எந்த வீட்டுலயும் பண்ண மாட்டாங்க. பையில வாழைப்பழம் வச்சிருக்கேன், சாப்பிடுங்க."

சாப்பிட்டார். ஒரு வாரம் வாழைப்பழமே சாப்பிட்டுக்கொண்டு, பழைய கம்ப்யூட்டருக்கென்று தனியாக எழுதினார்.

"யாருக்காக இந்தப் பாடு?" என்று மேலாளர் கேட்டார். "ஒரு வாடிக்கையாளர். விட மாட்டேங்கறாங்க" என்றார். எட்டாம் நாள் பழைய கம்ப்யூட்டரில் மென்பொருள் ஓடியது. பிரிண்டர் முனகிக்கொண்டே முதல் சட்டைக்கையை வரைந்து தள்ளியது. மனைவி காகிதத்தை இரு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

அன்று அவருக்கான சின்னப் பானை மறுபடி அடுப்பேறியது. சப்பென்ற அந்தச் சாப்பாட்டை அவர் விரல் நக்கிச் சாப்பிட்டார்.

"அடுத்த தெரு தையல்கார அக்கா வந்து பாத்தாங்க. அசந்துட்டாங்க."

"அப்படியா!"

"அவங்க கம்ப்யூட்டர் நம்மளதைவிட ஆறு வருஷம் பழசாம். நாளைக்குத் தூக்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்."

அவர் வாய் திறப்பதற்குள் அவள் எழுந்துபோய்ச் சின்னப் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.