சுமைகாரி கேட்ட வரம்

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது தன் வீட்டில் தன் சொல் எடுபட வேண்டும் என்று பத்திர எழுத்தர் முடிவு செய்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில், மனைவியைக் கேட்காமல் அவர் எடுத்த முதல் முடிவு அது.

அவர் சொல்லுக்கு மதிப்பிருந்த காலமும் ஒன்று உண்டு. கல்லூரி நாட்களில் மச்சான் வீட்டு முன்னறையில் பாய் விரித்து விளையாடுவார்கள். மச்சான் அப்போது வெறும் நண்பன். தங்கையைக் கொடுத்து மச்சானானது பிற்பாடு. விளையாட்டு வெளிநாட்டுச் சரக்கு. புத்தகம் யாரோ எடுத்த மங்கலான ஜெராக்ஸ். ஆளுக்கொரு பாத்திரம்: கவசம் போட்ட குதிரைவீரன், கூம்புத் தொப்பி மந்திரவாதி, இப்படி. ஒருவர் மட்டும் கதைசொல்லி. காட்டில் என்ன இருக்கிறது, கோட்டைக்குள் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர் வைத்த சட்டம். சந்தேகம் வந்தால் பகடை.

கதைசொல்லி எப்போதும் நம்மவர்தான். மூலையில் ஒரு பிரம்பு நாற்காலி. அதில் சாய்ந்தபடி "கதவு திறக்கிறது" என்பார். பாயில் இருப்பவர்கள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். அந்த ஒரு நொடிக்காக அவர் இருபத்தைந்து வருஷமாக ஏங்கினார். மச்சான் வீடு மாறியபோது கெஞ்சிக் கூத்தாடி அந்த நாற்காலியைக்கூட வாங்கி வந்துவிட்டார். அதில் இப்போது அவர் மனைவி துவைத்த துணியை மடித்து வைக்கிறாள்.

பழைய நண்பர்களைக் கூட்டி மறுபடி விளையாடுவது என்று தீர்மானமானது. ஆனால் அந்தக் குதிரைவீரன் இனி வேண்டாம். அடிக்கிற வெயிலில் இரும்புக் கவசம் போட்டால் எதிரி வருவதற்குள் ஆள் வெந்துபோவான். நம் ஊர்க் கதைகளுக்கு நம் ஊர் ஆட்கள்தான் வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தார். குதிரைவீரன் மறவனானான்: புறமுதுகு காட்டாதவரை இரட்டிப்பு பலம், காட்டினால் அதோடு சரி. மந்திரவாதி சித்தரானார்: எதை விட்டுக்கொடுக்கிறாரோ அதற்கு ஈடாக ஒரு சித்தி. தூக்கத்தை விட்டால் கூடு விட்டுக் கூடு பாயலாம். பேச்சை விட்டால் பறக்கலாம்.

பதினேழாம் விதியை எழுதும்போது அவருக்கே புல்லரித்தது. நம் கதைகளில் வாளைவிட வரம்தானே ஆபத்து? உயிர் பிழைத்தவர், காப்பாற்றியவர் கேட்கும் வரத்தைத் தந்தே ஆகவேண்டும். இதில் மச்சானுக்கும் ஒரு பூட்டு வைத்தார். அந்தக் காலத்தில் மச்சானின் குதிரைவீரன், "என்னைக் காப்பாத்து, என் சைக்கிள் ஒரு வாரம் உனக்கு" என்பான். மறுநாள் கேட்டால், "சொன்னது குதிரைவீரன்டா, நானில்ல" என்று மச்சான் பெடலை மிதித்துவிடுவார். நம்மவர் நடந்த நடை கொஞ்சமா? தொழிலில் பழகிய பாஷையெல்லாம் போட்டு, ஓட்டையே இல்லாமல் அந்த விதியை எழுதி முடித்தார்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை அண்ணன் வர்றாராமே?"

"ஆமாம்மா. பல் டாக்டரும் வர்றான். விளையாடப் போறோம்."

"பீரோவை நகர்த்தித் தர்றேன்னீங்களே, அதுவும் இதே ஞாயிறுதானே?"

"அது அடுத்த ஞாயிறு."

"அதைத்தான் போன ஞாயிறும் சொன்னீங்க. போகட்டும். எனக்கும் ஒரு ஆள் கொடுங்க."

"என்ன ஆள்?"

"விளையாடத்தான். அண்ணனுக்கு ஒண்ணு, டாக்டருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

மறுத்தால் முன்னறை கிடைக்காது. பத்திர மூளை வேலை செய்தது. அரைமணியில் சாகிற மாதிரி ஒரு ஆளைக் கொடுத்துவிட்டால், அவளே எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். ஒரு தாளில் எழுதினார். பாத்திரம்: சுமைகாரி. ஆயுதம்: இல்லை. மந்திரம்: இல்லை. உடைமை: ஒரு சும்மாடு, ஒரு கூடை. சிறப்புத் திறனுக்கான கட்டத்தைக் காலியாக விடத் தொழில்புத்தி இடம் கொடுக்கவில்லை. 'சுமைகாரியை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை' என்று எதையோ எழுதி நிரப்பினார்.

ஞாயிறு மத்தியானம் துணிகள் நாற்காலியை விட்டு இறங்கின. நம்மவர் ஏறினார்.

மன்னர் எதிரிக் கோட்டையில் சிறைப்பட்டிருக்கிறார்; மீட்க வேண்டும். மன்னருக்கும் குரல் கொடுப்பவர் கதைசொல்லிதான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மச்சான் மறவனானார். வேலையில் ரிவர்ஸ் கியரைத் தவிர வேறு பேச்சே இல்லாத மனுஷன், இங்கே பின்வாங்கவே மாட்டேன் என்று நேரே போய் நெஞ்சில் ஆறு அம்பு வாங்கி விழுந்தார். பல் டாக்டர் பேச்சை விட்டுவிட்டுப் பறந்தார். மேலிருந்து, இலைதழை போட்டு மூடிய பொறிக்குழியைப் பார்த்துவிட்டார். சொல்லத்தான் முடியவில்லை. கையைக் காலை ஆட்டிக் காட்டியும் யாருக்கும் விளங்கவில்லை. கடைசியில் அவரே ஒரு மரத்தில் மோதி அந்தக் குழியிலேயே விழுந்தார்.

"இனி நான்தானே? கூடையைத் தலையில வெச்சுக்கிட்டு வாசல் வழியா உள்ள போறேன்" என்றாள் மனைவி.

"வாசல்ல இருபது காவலாளிம்மா!"

"பார்ப்பாங்களா?"

அவர் தாளைப் பார்த்தார். அவர் கையெழுத்தேதான்.

"பார்க்க மாட்டாங்க."

"மன்னரைக் கூடையில உட்கார வெச்சுத் தூக்கிட்டு வர்றேன்."

"கனமா இருப்பாரே. பகடை உருட்டு."

"சந்தேகம்னாத்தானே உருட்டணும்? சுமைகாரி சுமை தூக்குறதுல என்னங்க சந்தேகம்?"

மச்சான் கைதட்டினார். "பாப்பா, பிரமாதம்!"

மன்னர் பிழைத்தார். தன் கதையில் தானே சொக்கிப்போய், நம்மவர் கம்பீரமாகக் குரலெடுத்தார். "பெண்ணே! எம் உயிரை மீட்டாய். எந்த வரம் வேண்டுமானாலும் கேள்!" மச்சானும் டாக்டரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். அதே மூச்சு. இருபத்தைந்து வருஷம் கழித்துக் கிடைத்ததில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க உட்கார்ந்திருக்கிற நாற்காலி வேணும்."

"சிம்மாசனமா?"

"பிரம்பு நாற்காலி. இனிமே கதை நான் சொல்றேன்."

"ஏய்! வரம் கொடுத்தது மன்னர்ம்மா, நானில்ல."

அவள் கடகடவென்று ஒப்பித்தாள். "பதினேழாம் விதி. வரம் கொடுத்தது பாத்திரமே, நானல்ல என்று பின்வாங்க இடமில்லை. பேசிய வாய் எவருடையதோ, அவரே எவ்வித ஆட்சேபணையுமின்றி, முழு மனதுடன் நிறைவேற்றக் கடவார்."

"இதை எப்ப படிச்சே?"

"துணி மடிக்கிற நாற்காலியிலதானே நோட்டை வெச்சிருந்தீங்க?"

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாப்ளே, எனக்கு வெட்டின குழியா இது?"

அவள் சிரிக்கவில்லை. "அப்போ எங்க வீட்டுல அஞ்சு வருஷம் உங்க எல்லாருக்கும் டீ கொண்டாந்து வெச்சேன். ஒருத்தராவது தலையைத் தூக்கிப் பார்த்தீங்களா? டம்ளரை வெச்சுட்டு உள்பக்கம் நின்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். நீங்க கதவு திறக்கிறதுன்னு சொன்னா எனக்கும் மூச்சு நின்னுடும்."

அவருக்குச் சுருக்கென்றது. பாயில் இருந்தவர்களை மட்டுமே எண்ணிக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார். கதவுக்குப் பின்னால் இன்னொரு ஆள் நின்றிருக்கிறாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா இடம் கொடுத்திருப்பீங்களா?"

அவர் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார். அவள் உட்கார்ந்து சாய்ந்தாள். "மழை விட்டுடுச்சு. காட்டுக்கு நடுவுல ஒரு வீடு. உள்ள விளக்கு எரியுது. யாரோ தாழ்ப்பாளை நீக்குற சத்தம்" என்றாள். பாயில் இருந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். தானும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதை அவர் தாமதமாகத்தான் கவனித்தார். அந்தக் கதவு திறக்காவிட்டால் உயிரே போய்விடும்போல் இருந்தது.

"எனக்கு எந்த ஆள்?" என்று கேட்டார், பாயில் இடம் பிடித்தபடி.

மிச்சமிருந்தது ஒரே தாள். அவளே பேனாவை எடுத்து 'காரி'யை அடித்துக் 'காரன்' என்று திருத்திக் கொடுத்தாள்.

"படை களைச்சுப் போச்சு. சுமைகாரன் எல்லாருக்கும் டீ கொண்டு வரணும்."

"சரி, கொண்டு வந்தாச்சுன்னு வெச்சுக்கோ" என்று அவர் பகடைக்குக் கையை நீட்டினார்.

"பகடை எதுக்குங்க? அடுப்படி அந்தப் பக்கம்."

கால் மணி கழித்து நாலு டம்ளர் டீயோடு வந்தார். கதவு திறந்துவிட்டிருந்தது, கதை சூடுபிடித்திருந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு டம்ளரை வைத்தார்.

ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.