பட்டன்காரர் வைத்த பெயர்

இந்தத் தடவை பெயர் வைப்பது நான்தான் என்று பட்டன்காரர் முடிவு செய்தார். மனசுக்குள் முடிவு செய்ததோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பார். கடை முழுக்கச் சொல்லிவிட்டார்.

பட்டன்காரர் என்றதும் பட்டன் கடைக்கு முதலாளி என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே வேலை பார்க்கிறவர். பட்டன், நூல், ஜிப்பு, நாடா, உள்துணி எல்லாம் விற்கிற கடை. ஒரு பட்டன் தொலைந்த சட்டையை யாராவது நீட்டினால் போதும், கண்ணை இடுக்கி ஒரு பார்வை பார்ப்பார். பின்னால் திரும்பி, கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிற டப்பாக்களில் ஒன்றை உருவுவார். உள்ளே இருக்கிற பட்டன் அந்தச் சட்டையோடு கூடப் பிறந்தது மாதிரி இருக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுவார்: "கையில தனியா வெச்சுப் பாக்காதீங்க. எல்லாம் அழகாத்தான் தெரியும். துணி மேல வெச்சுப் பாருங்க, அப்பத்தான் வண்டவாளம் புரியும்."

ஊருக்கெல்லாம் பொருத்தம் பார்க்கிற மனுஷனுக்கு வீட்டில் ஒரு வாளி வாங்கக்கூட அதிகாரம் கிடையாது. ஒரு தடவை வாங்கிவந்தார். மூடி இல்லாத வாளி. வாளி உடைந்து வெகுநாள் ஆயிற்று, அதைப் பற்றிய பேச்சு இன்னும் உடையாமல் இருக்கிறது.

மூத்த பிள்ளைக்குப் பெயர் வைத்த கதை இன்னும் மோசம். பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் இவர் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் போனார். திரும்பி வருவதற்குள் மனைவியும் மாமியாரும் பெயர் வைத்து முடித்துவிட்டார்கள். நர்ஸுக்குத் தெரியும். பக்கத்துக் கட்டில்காரிக்குத் தெரியும். தகப்பனுக்குத் தெரியாது. "பேரு பிடிச்சிருக்கா?" என்று பக்கத்துக் கட்டில்காரி கேட்டபோது, "ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டார். அப்புறம் வராந்தாவில் நர்ஸை ஓரமாக நிறுத்தி, "என் பொண்ணு பேரு என்னங்க?" என்று கேட்டார். அந்த நர்ஸ் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் அவருக்குக் காது மடல் சுடும்.

பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண்ணுக்கு நீளமாக ஒரு பெயர். வீட்டில் மகிழ். இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயசு. கண்ணில் படுகிற எதையும் விட மாட்டாள், சோப்பு உறையைக்கூட உரக்க வாசிப்பாள்.

அவளுக்குத் தம்பி பிறந்து ஒரு மாசம் ஆகிறது. எல்லாரும் குட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"குட்டிக்குப் பேரு வெச்சாச்சா?" என்று முதலாளி கல்லாவிலிருந்து கேட்டார்.

"யோசிச்சிட்டு இருக்கேங்க."

"நீ யோசிச்சு என்னப்பா ஆகப்போகுது. வீட்ல என்ன யோசிக்கிறாங்க?"

கடையில் நூல் வாங்க வந்தவர்கள் உட்படச் சிரித்தார்கள். பட்டன்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"இந்தத் தடவை நான்தாங்க வெக்கிறேன். பேரு கூட முடிவாயிடுச்சு. வாசல்ல பலகை அடிச்சு மாட்டப்போறேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து நீங்களே பாருங்க."

"வர்றேன்" என்றார் முதலாளி. "கண்டிப்பா வர்றேன்."

வாய் விட்ட வார்த்தையை இனி எந்த டப்பாவில் போட்டு மூட? வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தார். அவருக்குப் பிடித்த பெயர் ஆதவன். மனைவிக்குப் பிடித்தது வேறே. தொட்டிலை ஆட்டும்போது "இனியன், இனியன்" என்று அவள் முணுமுணுப்பதை அவர் கேட்டிருக்கிறார். நேராகப் போய்க் கேட்டால் வெந்நீர் வாங்க அனுப்பிவிடுவாள். அப்போதுதான் ஒரு தந்திரம் உதித்தது. கல்யாணம் ஆன நாளாக இவர் சிவப்பு என்றால் அவள் பச்சை என்பாள். அப்படியானால் இனியனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினால் போதும், அவளே அதைக் கீழே போட்டுவிடுவாள். ஆதவனைக் காலால் எத்தினால் போதும், அவளே எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள்.

தன் மூளையை நினைத்து அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

மனைவி குட்டியின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"குட்டிக்கு இனியன்னு வெச்சா என்ன? தங்கமான பேரு. மகிழுக்குத் தம்பி இனியன். சொல்லும்போதே நாக்கு இனிக்குது. இதை விட்டா உலகத்துல வேற பேரே கிடையாது."

"ம்."

"சில பேரு ஆதவன்னு வெக்கிறாங்க. சேச்சே. ஆதவன்னா சூரியனாம். ஏற்கெனவே வீட்ல வெக்கை தாங்கல."

"அப்படியா."

"உனக்கு ஒருவேளை ஆதவன் பிடிச்சிருக்கோ என்னவோ."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். கத்தரிக்காயில் புழு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி அவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டாள். இரண்டாவது தடவை கொஞ்சம் வேகமாகச் சொல்லிக்கொண்டாள். உதட்டோரம் ஒரு சின்ன அசைவு ஓடி மறைந்தது.

"ஆமாங்க. எனக்கு ஆதவன்தான் பிடிச்சிருக்கு."

"ஐயையோ, வேணாம்மா."

"வேணும். நீங்க தலைகீழா நின்னாலும் மாத்த மாட்டேன்."

பட்டன்காரர் தோற்றவர் மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். சிரிப்பை மறைக்க அதுதான் வசதி.

"ரெண்டு பிள்ளைங்க பேரையும் சேத்து ஒரு தடவை சொல்லிப் பாத்தீங்களா?" என்றாள் அவள்.

"நூறு தடவை சொல்லிப் பாத்தாச்சு."

"பிடிக்காத பேரையா நூறு தடவை சொன்னீங்க?"

பட்டன்காரருக்குத் திடீரென்று தாகம் எடுத்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

சொல்லிப் பார்த்தது என்னவோ நிஜம்தான். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தார். "மகிழ்" என்பார், தலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக்கொள்வார், "ஆதவன்" என்பார். இரண்டு பெயருக்கும் நடுவில் எப்போதும் ஒரு சொம்பு தண்ணீர் இருந்தது.

"அப்படியே நாளைக்குக் கடையிலேருந்து மஞ்சள் நூல் ஒரு கண்டு கொண்டாங்க" என்றாள் மனைவி. "முட்டைக்கரு மஞ்சள். சாயம் போகக் கூடாது."

"கொண்டாந்துட்டாப் போச்சு." அந்த நேரத்தில் அவள் கடையையே கேட்டிருந்தாலும் தூக்கிவந்திருப்பார். எதற்கு என்று கேட்கவில்லை. மறுநாள் தானே நல்ல நிறமாகப் பொறுக்கி எடுத்துவந்து கொடுத்தார். "அருமையான மஞ்சள்" என்று அவள் சொன்னதில் ஒரு சுற்றுப் பெருத்தும் போனார்.

பலகைக்காரர் காதில் பென்சில் செருகியிருந்தார். "என்ன எழுதணும்ணே?"

"பிள்ளைங்க பேரு. மகிழ், ஆதவன். அப்புறம் இல்லம்."

"கதவு மேல மாட்டுற பலகையா? குட்டையாச்சே. பேரைத் தனித்தனியா எழுதினா எழுத்து எறும்பு மாதிரி ஆயிடும். ரெண்டையும் சேத்துடவா?"

"சேத்தா தப்பா வந்துடாதே?"

"இலக்கணப்படி சேப்பேன்ணே. ழ் மேல இருக்கிற புள்ளி மட்டும் போயிடும்."

"ஒரு புள்ளிதானே, போனாப் போகட்டும்" என்றார் பட்டன்காரர் பெருந்தன்மையாக.

அந்தப் புள்ளியோடு சேர்ந்து என்னவெல்லாம் போகப்போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. பலகைக்காரருக்கும் தெரியாது. அவர் எழுத்து எழுத்தாகப் பார்க்கிறவர், சொல்லாகப் பார்த்துப் பழக்கமில்லை. செய்து முடித்து, காகிதம் சுற்றிக் கொடுத்தார். பட்டன்காரர் பிரிக்கவில்லை. முதலாளி முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்று வைராக்கியம். காகிதத்தோடேயே கதவுக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதலாளி வந்தார். மேல் வீட்டு அக்கா படியில் இறங்கி வந்தார். மனைவி குட்டியைப் போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

பட்டன்காரர் தொண்டையைக் கனைத்தார். "ஒரு வீட்டுல பேரு வெக்கிறதுன்னா சும்மா இல்லீங்க. பொருத்தம் பாக்கத் தெரியணும். மகிழ், நாற்காலி மேல ஏறிக் காகிதத்தை இழு."

மகிழ் ஏறி இழுத்தாள். பலகை வெயிலில் பளபளத்தது. எழுத்தைப் பார்த்ததும் அவள் வழக்கப்படி விரலை வைத்து ஆரம்பித்தாள்.

"ம. கி. ழா. த. வ. ன்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். "மகிழாதவன் இல்லம்."

தெருவில் ஒரு சைக்கிள் போகிற சத்தம் கேட்டது.

"அப்பா, என் பேரு எங்கே?"

பட்டன்காரர் பலகையைப் பார்த்தார். கண்ணை இடுக்கிப் பார்த்தார். எப்படி இடுக்கினாலும் அது மகிழாதவனாகவேதான் இருந்தது.

"யாருப்பா மகிழாதவன்?" என்றாள் மகிழ். "நீயா?"

முதலாளி கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. மேல் வீட்டு அக்கா கன்னத்தில் கை வைத்தார்.

"தம்பி, ரெண்டாவது பிள்ளைன்னா கொஞ்சம் சிரமந்தான். தூக்கம் கெடும். அதுக்காக வாசல்ல எழுதி மாட்டணுமா?"

"இல்லக்கா, அது வந்து..."

"எதுவா இருந்தாலும் உள்ளே உக்காந்து பேசித் தீத்துக்கணும்."

பட்டன்காரருக்குக் காதிலிருந்து கழுத்து வரைக்கும் கொதித்தது. யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியவில்லை. வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். அதில் ஒன்று தலைகீழாகக் கிடந்தது. குனிந்து அதைத் திருப்பி வைத்தார். மற்றொன்றையும் நேராக்கினார். நேராக்க வேறு செருப்பு இல்லாமல் போனபோது நிமிர வேண்டியதாயிற்று.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார் மனைவியிடம், மெதுவாக.

"அன்னைக்கே தெரியும்."

"சொல்லியிருக்கலாமே."

"சேத்துச் சொல்லிப் பாத்தீங்களான்னு கேட்டேனே. கடையில எல்லாருக்கும் நீங்க சொல்றதுதானே. கையில தனியா வெச்சா எல்லாம் அழகாத்தான் தெரியும். துணி மேல வெச்சுப் பாத்தாத்தானே வண்டவாளம் புரியும்?"

முதலாளியால் அதற்கு மேல் கைக்குட்டையைப் பிடிக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அப்போ பையன் பேரு என்னம்மா?"

"இனியன்" என்றாள் மனைவி.

பட்டன்காரர் வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

"இவரு வெச்ச பேருதாங்க. தங்கமான பேரு, இதை விட்டா உலகத்துல வேற பேரே இல்லைன்னு ஒத்தைக் காலில நின்னாரு. நான்தான் புத்தி கெட்டு ஆதவன்னு அடம் பிடிச்சேன். இனிமே இவரு பேச்சைத் தட்டுறதில்லை."

இல்லை என்று சொல்ல முடியுமா? இல்லை என்றால் தந்திரத்தைச் சொல்ல வேண்டும். தந்திரத்தைச் சொன்னால் பலகையே தேவலை. பட்டன்காரர் "ஆமாங்க" என்றார். குட்டியின் தலையைத் தடவுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் போர்வையின் ஓரம் கண்ணில் பட்டது. இனியன் என்று அழகாகத் தையல் போட்டிருந்தது. முட்டைக்கரு மஞ்சள். சாயம் போகாத நூல். அவரே பொறுக்கி எடுத்தது.

எல்லாரும் போன பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"எதுக்கு அதைக் கழட்டுறீங்க?" என்றாள் மனைவி.

"பின்னே? பிள்ளைக்குத்தான் அந்தப் பேரு இல்லைன்னு ஆயிடுச்சே."

"பிள்ளைக்கு இல்லைன்னா என்ன, இந்த வீட்டுல வேற ஆம்பளையே இல்லையா? பலகை நல்லாத்தான் இருக்கு. இருக்கட்டும்."

இருந்தது. போன வாரம் ஒரு பார்சல்காரப் பையன் புதுசாக வந்தான். கதவுக்கு மேலே ஒரு தடவை பார்த்தான், கதவைத் திறந்தவரை ஒரு தடவை பார்த்தான்.

"சார், மகிழாதவன்?"

பட்டன்காரர் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு, "நான்தாம்பா" என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.