பென்னலூர் நெட்போன் பரணி

யானைப்படை வென்ற மன்னரைப் பாட ஆயிரம் புலவர் உண்டு. ரௌட்டரோடு பொருத வீரனைப் பாட ஒருவரும் இல்லை. அக்குறை தீரவே இவ்வுரை எழுகிறது. வணங்குவோம், சாத்தூர் ஈன்ற சான்றோனை, இரவல் ஷூ அணிந்த திருவடியனை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையே கவசமாய்க் கொண்டவனை, வான்மொழி நெட்போன் எனும் நான்கு நாற்காலி நிறுவனத்தின் ஒரே களப்பொறியாளனை, மணிகண்டபிரபுவை. அவன் நான்தான். வேறு யாரும் பாடப்போவதில்லை என்பது தெரிந்தபின் நானே பாடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

நெல் விளைந்த நிலத்தில் பிரேக் டிரம் விளையத் தொடங்கியிருந்த இரண்டாயிரத்து நான்காம் ஆண்டில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பென்னலூர்ப் பக்கத்து ஆலையொன்றினுள் நம் தலைவன் புகுந்தான். இணையத்தின் வழியே குரல் கடல் கடக்கும் என்றான். அதற்குரிய எக்ஸ்சேஞ்ச் பெட்டி எங்கே என்று வினவினார் ஆலை மேலாளர் ரகுபதி. பெட்டி இங்கில்லை, எங்கோ தொலைவில் இருக்கிறது, எங்கள் நூல்களில் அதை மேகமாக வரைவார்கள் என்று தலைவன் விளம்ப, அவர் ஜன்னல் வழியே வானத்தை நெடுநேரம் நோக்கி, மழை பெய்தால் என்னாகும் என்று கேட்டார்.

ஆயினும் ஒரு போன் வைக்க இசைந்தார். தலைவன் அதைப் பூட்டிப் பேசிப் பார்த்தான். அது மணியாகப் பேசியது. மறுநாள் ஆயுத பூஜை. லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் பொட்டிட்ட ஊழியர் கூட்டம் தன் போனை மறந்துவிடுமோ என அஞ்சி, தலைவன் தன் பொற்கரத்தாலேயே அதற்குச் சந்தனம் குழைத்து, மேலே ஒன்று, நடுவே ஒன்று, ரிசீவரின் கீழ்முனையில் கொழுகொழுவென ஒன்று என முப்பொட்டிட்டு, குங்குமம் வைத்துக் கற்பூரமும் காட்டினான். அப்போதுதான் மேலாளரின் பிரகடனம் பிறந்தது.

"நாளைக்கு விஜயதசமி. பத்தரைலருந்து பதினொன்னர வரைக்கும் நல்ல நேரம். அதுக்குள்ள சிங்கப்பூர்ல மொதலாளி நரசிம்மன் சார் காதுல என் குரல் விழணும். விழுந்தா முப்பது போன். விழலன்னா உன் போன எடுத்துக்கினு கெளம்பிடு தம்பி."

முப்பது போன் விற்றால் தலைவனுக்கு வேலை நிரந்தரம். விற்காவிடில், அந்த மாதத்தோடு ஆறுமாதத் தகுதிகாண் காலம் முடிந்து, சாத்தூரில் மாமாவின் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் எண்ண வேண்டும். பயந்துபோயிருந்தான் என்பதைக் காவிய மரபு கருதி மறைப்பது அழகல்ல. இரவெல்லாம் அவன் தூங்கவில்லை.

விடிந்தது விஜயதசமி. பத்தரைக்கு மணி ஒலித்தது. சிங்கப்பூர் நரசிம்மனின் குரல் பக்கத்து நாற்காலியிலிருந்து பேசுவதுபோல் தெளிவாக வந்தது. ரகுபதி வணக்கம் சொன்னார். அங்கே கேட்கவில்லை. உரக்கச் சொன்னார். கேட்கவில்லை. எழுந்து நின்று, ஸ்டோர் ரூமில் இருந்தவன் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று ஓடிவருமளவு முழங்கினார். பென்னலூர் முழுக்கக் கேட்ட குரல் சிங்கப்பூருக்கு மட்டும் எட்டவில்லை. மறுபடி பதினொன்றேகாலுக்குக் கூப்பிடுவதாகவும், அப்போதும் இப்படியென்றால் போனைத் திருப்பிவிடும்படியும் கூறி முதலாளி இணைப்பைத் துண்டித்தார்.

ஒருபக்கக் குரல் வருகிறது, மறுபக்கக் குரல் போகவில்லை. ஆகா, இது நூலில் உள்ள நோயல்லவா. இருநூற்றுப் பதினான்கு பக்கக் கையேட்டில் தலைவன் மூன்று முறை அடிக்கோடிட்ட பகுதியல்லவா. பகைவன், வேண்டாத போக்குவரத்தை ரௌட்டரில் தடுக்கும் காவற்சுவரான ஃபயர்வாலே என்று தெளிந்த அவ்வீரன், கிரிம்பிங் டூலெனும் வாளை உருவிக் கேபிளின் தலையை வெட்டிப் புதுத்தலை பொருத்தினான், ரௌட்டரின் கோட்டைவாயில்களை ஒவ்வொன்றாய்த் திறந்தான், திறந்தவற்றை மூடினான், மூடியவற்றுள் எதைத் திறந்திருந்தோம் என்பதை மறந்தான், ஏழுமுறை அணைத்து ஏழுமுறை உயிர்ப்பித்தான், செல்போனில் சிக்னல் தேடி மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி மீதேறிச் சென்னையிலிருந்த மேலதிகாரி தமிழ்வாணனை அழைக்க, அவரும் ஃபயர்வால்தான் என்று அறுதியிட்டுரைத்து, எட்டாம் முறை அணைக்கச் சொன்னார். படித்தவர் இருவர் ஒரே தவற்றைச் சொன்னால் அது உண்மையென்றே ஆகிவிடுகிறது. மணி பதினொன்று பத்து.

ரகுபதி டீ குடிக்கப் போயிருந்தார். வியர்வையில் நனைந்து தரையில் அமர்ந்திருந்த தலைவனின் அருகே, பூஜைக் குப்பையைக் கூட்டிக்கொண்டு வந்தார் பாஞ்சாலி. பென்னலூர்க்காரர், அந்த ஆலையில் துப்புரவு வேலை செய்பவர். துடைப்பத்தை நிறுத்தி, போனைப் பார்த்தார்.

"இன்னா சாரு, காலைலருந்து ஒயரயே நோண்டிக்கினு கீற. அது வாய்ல சந்தனத்த அப்பி வச்சிட்டு பேசு பேசுன்னா, அது எப்டி பேசும்?"

தலைவன் நோக்கினான். ரிசீவரின் கீழ்முனையில், குரல் புகும் எள்ளளவுத் துளையின் நேர்மேலே, அவன் கொழுகொழுவென வைத்த மூன்றாம் பொட்டு காய்ந்து கல்லாய் இறுகியிருந்தது. வளையலில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி நீட்டினார் அவர். கையேட்டின் இருநூற்றுப் பதினான்கு பக்கங்களிலும் இல்லாத அப்படைக்கலத்தால் தலைவன் துளையைக் குடைந்தான். சந்தனத் தூள் உதிர்ந்தது.

பதினொன்றேகாலுக்கு மணி ஒலித்தது. ரகுபதி பழைய வேகத்திலேயே முழங்க, எதற்குக் கத்துகிறாய் என்று சிங்கப்பூரிலிருந்து கடிந்துகொண்டார் முதலாளி. வென்றது வான்மொழி. முப்பது போன். கைகுலுக்கிய மேலாளர், என்னப்பா கோளாறு என்று கேட்டார். வாசலில் பாஞ்சாலி துடைப்பத்தோடு நின்றிருந்தார். நாணமும் தீப்பெட்டி ஆபீஸும் தலைவனின் நெஞ்சில் ஒரு கணம் பொருதன. நாணம் தோற்றது.

"ஃபயர்வால் சார்," என்றான். "கொஞ்சம் சிக்கலான பிரச்சினை."

பாஞ்சாலி குப்பையை அள்ளிக்கொண்டு போனார். அடுத்த வாரம் வந்த நிரந்தர ஆணையில், கடினமான ஃபயர்வால் சிக்கலைத் தனியொருவனாய்த் தீர்த்த திறமையைப் பாராட்டி இரண்டு வரி இருந்தது. அந்த ஊக்கை நான் அவரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.